டியர் கமிட்டி மெம்பர்ஸ்: கடிதங்களால் ஆன ஒரு பல்கலைக்கழக நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலி ஷூமேக்கரின் இந்த நாவலை நண்பர்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் தொடர்ந்து பரிந்துரைத்து வருகிறேன். வாசித்து முடித்தவர்களும் வாசிக்கத் தயங்குபவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே எழுப்புவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. கதையின் முடிவைத் தொடும் கேள்வி எங்கே தொடங்குகிறது என்பதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

இது என்ன நாவல், யார் எழுதியது?

2014இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கில நாவல் இது. இருநூறு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். ஆசிரியர் ஜூலி ஷூமேக்கர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் புனைவெழுத்தும் கற்பித்தவர். இதற்கு முன்பே பெரியவர்களுக்கும் இளையோருக்கும் நாவல்கள் எழுதியிருந்தார். அமெரிக்க நகைச்சுவை எழுத்துக்காக வழங்கப்படும் தர்பர் பரிசு 2015இல் இந்நாவலுக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

நாயகன் ஜேசன் ஃபிட்கர், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட பெய்ன் பல்கலைக்கழகத்தில் புனைவெழுத்துப் பேராசிரியர். இளமையில் ஒரு நாவலால் ஓரளவு பெயர் பெற்று, அடுத்தடுத்த நூல்களால் அந்தப் பெயரைத் தக்கவைத்துக்கொள்ள இயலாமல் போனவர்; மணமுறிவு பெற்றவர்; தம் துறை நாளுக்கு நாள் சுருங்குவதைக் கண்டு பொறுக்கமாட்டாதவர்.

முழு நாவலுமே சிபாரிசுக் கடிதங்கள்தானா? அப்படியானால் கதை எப்படி நகரும்?

ஏறக்குறைய எல்லாமே பரிந்துரைக் கடிதங்கள்தாம். 2009 செப்டம்பரில் தொடங்கும் ஒரு கல்வியாண்டில் ஃபிட்கர் மாணவர்களுக்காகவும் சக ஆசிரியர்களுக்காகவும் எழுதும் கடிதங்கள் தேதி வரிசையில் அமைந்திருக்கின்றன. உயர்கல்விச் சேர்க்கைக் குழுக்களுக்குச் சில, வேலை தரும் நிறுவனங்களுக்குச் சில, விருதுக் குழுக்களுக்குச் சில. பெயிண்ட்பால் விளையாட்டு நிறுவனம் ஒன்றுக்குக்கூட ஒரு மாணவருக்காக எழுதுகிறார்.

ஒரு கடிதத்தில் போகிறபோக்கில் வரும் செய்தி நான்கைந்து கடிதங்கள் கழித்து வேறொருவருக்கு எழுதும் கடிதத்தில் வளர்ந்து நிற்கும். சட்டப் பள்ளிக்குச் செல்லும் கடிதங்களை அங்கே பெற்றுக்கொள்பவர் அவருடைய முன்னாள் மனைவி ஜேனட். மாணவர் நலப் பிரிவுக்கு எழுதினால் அங்கே இருப்பவர் அவருடைய முன்னாள் காதலி கரோல். ஆகவே ஒரு மாணவியின் தகுதியைப் பற்றித் தொடங்கும் கடிதம் மூன்றாம் பத்தியில் ஒரு மன்னிப்பாகவோ பழைய வழக்கொன்றின் தொடர்ச்சியாகவோ மாறிவிடுகிறது. கதை நகர்வது அந்த மூன்றாம் பத்திகளில்தான்.

ஒரு பேராசிரியர் உண்மையிலேயே இவ்வளவு பரிந்துரைக் கடிதங்கள் எழுதவேண்டியிருக்குமா?

இருக்கும். அமெரிக்காவில் முதுநிலைப் படிப்பு, சட்டப் படிப்பு, உதவித்தொகை, எழுத்தாளர்கள் சில காலம் தங்கி எழுதுவதற்கான எழுத்தாளர் உறைவிடம், ஆசிரியர் பணி என எதற்கு விண்ணப்பித்தாலும் இரண்டு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பது வழக்கம். ஒரே மாணவர் பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தால் பத்துக்கும் கடிதம் போகவேண்டும். இங்கிருந்து மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல முயன்றவர்கள், தம் பேராசிரியர்களின் அறை வாசலில் இதே கடிதத்துக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

இந்த வேலைக்குத் தனி ஊதியம் கிடையாது. பதவி உயர்வுக்கும் பெரிதாகக் கணக்கில் வராது. ஆனால் மறுத்தால் மாணவரின் வழி அடைபடும். மறுக்கவும் முடியாமல், மனதார எழுதவும் நேரமில்லாமல் ஆசிரியர்கள் படும் இந்த நெருக்கடியைத்தான் ஷூமேக்கர் நாவலின் வடிவமாகவே எடுத்துக்கொண்டார்.

நகைச்சுவை நாவல் என்கிறீர்கள். சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

பரிந்துரைக் கடிதம் கட்டுப்பாடு மிகுந்த வடிவம். எழுதுபவர் தம்மைப் பற்றிப் பேசக்கூடாது; குறை சொல்லக்கூடாது; "மிகச் சிறந்த", "மிகுந்த ஆர்வமுள்ள" என்ற அளவான புகழ்மொழிகளுக்குள் நின்றுவிட வேண்டும். இந்த எல்லா விதிகளையும் மீறக்கூடிய ஒருவரிடம் அந்த வடிவத்தைக் கொடுத்ததுதான் ஷூமேக்கரின் முதல் வெற்றி. சட்டப் பள்ளிக்கு ஒரு மாணவியைப் பரிந்துரைக்கும்போது, தமக்கு அந்தப் பெண்ணைப் பதினொரு நிமிடமாகத்தான் தெரியும் என்று ஃபிட்கர் எழுதுகிறார். அதில் பத்து நிமிடம், தம் வகுப்பில் படித்தவர்களுக்கு மட்டுமே கடிதம் தருவேன் என்று அவளுக்கு விளக்குவதிலேயே வீணாயிற்றாம். பொய் சொல்லாமல் பரிந்துரைப்பது என்ற இயலாத காரியத்தை அவர் உண்மையாகவே முயன்று பார்ப்பதால்தான் அந்த வரி சிரிக்க வைக்கிறது.

இரண்டாவது ஊற்று அவருடைய நடை. ஃபிட்கரின் வாக்கியங்கள் நீளமானவை, அடுக்கடுக்கானவை, தேர்ந்த சொற்களால் ஆனவை. கல்வித் தகுதியைப் பெரிதாகக் கேட்காத ஒரு சாதாரண வேலைக்குக்கூட நீதிமன்ற வாதம்போல் எழுதுவார். எழுத்தில் தோய்ந்தவர் ஒருவர் தம் கலை முழுவதையும் படிவங்களிலும் விண்ணப்பங்களிலும் கொட்ட நேர்ந்திருக்கிறது என்பது வாசகருக்கு மெல்ல மெல்லத்தான் உறைக்கும். முதல் முப்பது பக்கங்களில் சிரித்த அதே உத்திக்கு நூறாவது பக்கத்தில் அவ்வளவு எளிதாகச் சிரிக்க முடிவதில்லை. இந்த மாற்றத்தை ஒரு விளக்க வரிகூட இல்லாமல் செய்திருப்பதை நாவலின் மிக உயர்ந்த கைத்திறனாகக் கருதுகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் எப்படி இயங்கும் என்றே தெரியாது. வாசிக்க முடியுமா?

முடியும். இரண்டு செய்திகள் தெரிந்திருந்தால் போதும். முதலாவது, டென்யூர் எனப்படும் நிரந்தரப் பணியுரிமை. அது கிடைத்த பேராசிரியரை எளிதில் நீக்க இயலாது. ஃபிட்கருக்கு அது இருப்பதால்தான் துணைவேந்தர் அலுவலகம் வரை எவரையும் பகைத்துக்கொண்டு எழுத முடிகிறது. அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று நிரந்தரப் பணியுரிமைக்கு வெளியேதான் வேலை செய்கிறார்கள். நம் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர் நிலையை நினைத்துக்கொண்டால் அவர்களின் நிலை விளங்கும்.

இரண்டாவது, காலம். 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பின் பல பல்கலைக்கழகங்கள் ஆளெடுப்பை நிறுத்தின, செலவைக் குறைத்தன. வெட்டு முதலில் விழுந்த இடங்களுள் இலக்கியமும் மொழிகளும் அடங்கும். நாவல் நடப்பது சரியாக அந்த வெட்டுகளின் காலத்தில்தான்.

சமூகவியல் பேராசிரியர் எப்படி ஆங்கிலத் துறைக்குத் தலைவர் ஆனார்? கட்டட வேலையைப் பற்றி ஏன் இத்தனை புலம்பல்?

துறைக்குள் ஒருவரும் ஒருவரோடும் ஒத்துப்போகாத நிலையில், நிர்வாகம் வெளியிலிருந்து ஒருவரைத் தலைவராக அமர்த்துவது உண்மையில் நடப்பதுதான். நாவலில் அப்படி வந்து சேர்பவர் டெட் போட்டி. ஃபிட்கர் அவருக்கு எழுதும் கடிதங்களில் கேலியோடு, தாமதமாக அரும்பும் ஒருவகைப் பரிவும் கலந்திருக்கும்.

கட்டட வேலை நாவலின் முதுகெலும்பு. ஆங்கிலத் துறைக்கு மேல்தளத்தில் இருக்கும் பொருளியல் துறைக்காகப் பெரும் பொருட்செலவில் புதுப்பிப்பு நடக்கிறது. கீழே இருக்கும் ஆங்கிலத் துறையினர் தூசியிலும் இரைச்சலிலும் உட்கார்ந்து பாடம் நடத்துகிறார்கள். எந்தப் படிப்புக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்ற விவாதத்தை ஷூமேக்கர் கட்டுரையாக எழுதவில்லை. மேல்தளம், கீழ்த்தளம் என்று இரண்டு தளங்களைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ப்ரௌல்ஸ் என்ற மாணவர் பெயர் அடிக்கடி வருகிறதே, அவர் யார்?

டேரன் ப்ரௌல்ஸ் ஃபிட்கரிடம் நாவல் எழுதப் பயிலும் முதுநிலை மாணவர். மற்றவர்களுக்கான கடிதங்கள் ஒன்றிரண்டோடு முடிந்துவிடும். இவருக்காக மட்டும் ஆண்டு முழுவதும் எழுதுகிறார். எழுத்தாளர் உறைவிடம் ஒன்றை நடத்தும் பழைய வகுப்புத் தோழி எலெனாரிடம் கேட்கிறார். எழுத்தாளர்களுக்குப் பதிப்பகம் தேடித் தரும் இலக்கிய முகவரான பழைய நண்பரிடம் கேட்கிறார். எதுவும் கிடைக்காதபோது ஏதேனும் ஒரு சிறு வேலையாவது கொடுங்கள் என்று கேட்கிறார். கேட்கும் பொருள் சுருங்கச் சுருங்கக் கடிதத்தின் மன்றாட்டு கூடிக்கொண்டே போகிறது.

ப்ரௌல்ஸ் எழுதிக்கொண்டிருக்கும் நாவல், ஹெர்மன் மெல்வில் 1853இல் எழுதிய "பார்ட்டில்பி" கதையின் மறு ஆக்கம். விலைமாதர் விடுதி ஒன்றில் கணக்கு எழுதுபவனை நாயகனாகக் கொண்டது. மெல்வில்லின் மூலக்கதையை முன்கூட்டியே படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் படித்திருந்தால் நாவலின் இரண்டாம் பாதி வேறு ஆழத்தில் திறக்கும். அதைக் கீழே முடிவு பற்றிய கேள்வியில் விளக்குகிறேன்.

ஒரு பதில் கடிதம்கூட இல்லையே, அது குறையாகத் தோன்றவில்லையா?

குறையாகச் சிலருக்குத் தோன்றுகிறது. எனக்கு அது நாவலின் உயிர்நிலை. ஃபிட்கர் சொல்வதை மட்டுமே கேட்கிறோம். ஆனால் அவர் எதற்குப் பதில் சொல்கிறார், எதை மறுக்கிறார், எதற்காகத் திடீரென்று பணிகிறார் என்பதை வைத்து மறுபக்கத்தின் குரலை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜேனட் ஒரு வரிகூடப் பேசவில்லை. ஆனாலும் நாவலில் மிகத் தெளிவான அறிவும் பொறுமையும் கொண்டவர் அவர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பதிலின்மைக்குக் கதைக்குள்ளும் பொருள் உண்டு. பரிந்துரைக் கடிதத்துக்கு எவரும் பதில் எழுதுவதில்லை. அது படிக்கப்பட்டதா என்பதுகூட எழுதியவருக்குத் தெரிவதில்லை.

மாணவர்கள் இந்தக் கடிதங்களைப் பார்த்துவிட மாட்டார்களா? நடைமுறையில் இப்படி எழுத முடியுமா?

மாணவர்களின் கல்விப் பதிவுகள் தொடர்பான 1974ஆம் ஆண்டுச் சட்டம், தாம் சேர்ந்த கல்வி நிறுவனத்தில் உள்ள தம் கோப்பைப் பார்க்கும் உரிமையை அமெரிக்க மாணவர்களுக்குத் தருகிறது. ஆனால் பரிந்துரைக் கடிதங்களைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கலாம். மாணவர் பார்க்கமாட்டார் என்றால்தான் கடிதத்தில் உண்மை இருக்கும் என்று குழுக்கள் நம்புவதால், பெரும்பாலோர் விட்டுக்கொடுத்து விடுகிறார்கள்.

ஃபிட்கர் எழுதுவதைப்போல நடைமுறையில் எழுதினால் மாணவருக்குத் தீங்கே விளையும். நாவலை அனுபவிக்கும்போதே இந்தக் கேள்வி உள்ளே உறுத்தவேண்டும் என்றுதான் ஆசிரியரும் விரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கடித வடிவ நாவல் பழைய உத்திதானே? இதில் என்ன புதுமை?

பழையதுதான். ஆங்கிலத்தில் சாமுவேல் ரிச்சர்ட்சனின் "பமீலா" 1740இல் வந்தது. கடிதங்களாலேயே ஆன நகைச்சுவை நாவலுக்கு 1771இல் வந்த ஸ்மாலட்டின் "ஹம்ஃப்ரி கிளிங்கர்" நல்ல முன்னோடி. தமிழில் மறைமலையடிகள் "கோகிலாம்பாள் கடிதங்கள்" எழுதியிருக்கிறார். பேராசிரியர்களை வைத்து எழுதப்பட்ட நகைச்சுவை நாவலும் புதிதன்று. கிங்ஸ்லி ஏமிஸின் "லக்கி ஜிம்" 1954இலேயே வந்துவிட்டது. டேவிட் லாட்ஜின் "சேஞ்சிங் பிளேசஸ்" நாவலில் ஒரு பகுதி முழுவதும் கடிதங்களாகவே இருக்கிறது.

அந்தப் பழைய கடித நாவல்களில் மனிதர்கள் தம் அந்தரங்கத்தை நெருங்கியவர்களுக்கு எழுதினார்கள். ஷூமேக்கரோ அந்தரங்கத்துக்கு இடமே இல்லாத அலுவலகக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் அந்தரங்கம் எப்படிக் கசிந்து வருகிறது என்பதைக் காட்டினார். இணையப் படிவங்களோடு ஃபிட்கர் மல்லுக்கட்டும் இடங்களில் இந்த முரண் உச்சத்துக்குச் செல்கிறது. ஒரு மனிதரைப் பற்றி எழுதவேண்டிய இடத்தில் கட்டங்களும் மதிப்பெண் அளவுகோல்களும் மட்டுமே இருக்கின்றன.

ஃபிட்கரை எனக்குப் பிடிக்கவே இல்லை. அகம்பாவம், பெண்களிடம் நடந்துகொள்ளும் விதம் இவற்றையெல்லாம் மன்னிக்கச் சொல்கிறதா நாவல்?

மன்னிக்கச் சொல்லவில்லை. தம் வாழ்க்கையிலிருந்தும் தம்மோடு பழகியவர்களின் வாழ்க்கையிலிருந்தும் எடுத்து நாவல் எழுதி அவர்களைக் காயப்படுத்தியவர் ஃபிட்கர். அதை முழுமையாக உணராதவரும்கூட. இதை அவருடைய எதிரிகள் சொல்லவில்லை, அவருடைய கடிதங்களே சொல்கின்றன என்பதைக் கவனியுங்கள். மேலே பதில் கடிதங்களைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்: ஆணின் குரல் மட்டும் ஒலிக்கும் நாவலில், முடிவெடுக்கும் இடங்களில் பெண்களை அமர்த்தியிருக்கிறார் ஆசிரியர். உறைவிடத்தில் எலெனார், சட்டப் பள்ளியில் ஜேனட், மாணவர் நலப் பிரிவில் கரோல். ஃபிட்கர் கேட்கும் இடத்தில்தான் இருக்கிறார்.

ஆனாலும் நான் அவரைக் கைவிட மாட்டேன். வேறொருவருக்காகக் கேட்பதை அவர் நிறுத்தவே இல்லை. தமக்கென்று எதுவும் கிடைக்காது என்று தெரிந்த பின்னும், நேற்று வந்த மாணவருக்காக உட்கார்ந்து முழுக் கடிதம் எழுதுகிறார். அந்த உழைப்பு பொய்யானதன்று.

நகைச்சுவை நாவலுக்கு இப்படி ஒரு முடிவு நியாயமா?

முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்த விடையைக் கடந்து செல்லலாம்.

ப்ரௌல்ஸ் தற்கொலை செய்துகொள்கிறார். ஆண்டு முழுவதும் அவருக்காகக் கேட்கப்பட்ட எதுவும் கிடைக்கவில்லை. அதன்பின் எழுதப்படும் கடிதங்களில் ஃபிட்கரின் நீண்ட வாக்கியங்கள் தளர்ந்துபோகின்றன. இதைத் திடீர்த் திருப்பம் என்று குறை கூறுபவர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. ப்ரௌல்ஸின் நிலை ஒவ்வொரு கடிதத்திலும் இறங்கிக்கொண்டே வந்தது. நாம்தான் ஃபிட்கரின் நடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஃபிட்கரும் அப்படித்தான் தம் நடையிலேயே மூழ்கியிருந்தார். அந்த மாணவரின் படைப்பைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அந்த மாணவர் எப்படி இருக்கிறார் என்பதை எவ்வளவு கண்டார் என்ற கேள்வியிலிருந்து அவரும் தப்ப முடியாது, அவரோடு சிரித்த நாமும் தப்ப முடியாது.

இங்கேதான் மெல்வில் வருகிறார். "பார்ட்டில்பி" கதையில் வால் ஸ்ட்ரீட் வழக்கறிஞர் ஒருவர், வேலை செய்ய விருப்பமில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் படிப்படியாக எல்லாவற்றையும் மறுத்து, இறுதியில் சிறையில் உண்ணாமல் இறந்துபோகும் தம் எழுத்தரைப் பற்றிச் சொல்கிறார். அவனுக்கு உதவ அந்த வழக்கறிஞர் முயல்கிறார்; அவருடைய நல்லெண்ணம் அவனைச் சென்று சேர்வதே இல்லை. எழுத்தரைப் பற்றிய கதை என்று தொடங்கியது, உதவ முடியாமற்போன மேலதிகாரியின் கதையாக முடிகிறது. கதையின் இறுதியில், பார்ட்டில்பி முன்பு வாஷிங்டனில் உரியவரிடம் சேராத கடிதங்களைக் கையாளும் அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற வதந்தியையும் அவர் சேர்க்கிறார். சேராத கடிதங்களால் ஆன ஒரு நாவலுக்குள் ஷூமேக்கர் ஏன் இந்தக் கதையைத் தேர்ந்து வைத்தார் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இதற்குத் தொடர்ச்சி இருக்கிறதா?

இரண்டு நாவல்கள் இருக்கின்றன. 2018இல் வந்த "தி ஷேக்ஸ்பியர் ரிக்வயர்மென்ட்" நாவலில் ஃபிட்கரே துறைத்தலைவர். ஷேக்ஸ்பியரைக் கட்டாயப் பாடமாக வைத்திருப்பதா என்ற சண்டையும், பொருளியல் துறையோடு இடத்துக்கான போரும் அதில் நடக்கின்றன. 2023இல் வந்த "தி இங்கிலீஷ் எக்ஸ்பீரியன்ஸ்" அவர் இளநிலை மாணவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லும் கதை. இரண்டும் கடித வடிவில் இல்லை. மூன்றாவதில் மாணவர்கள் எழுதித் தரும் கட்டுரைகள் இடையிடையே வருகின்றன. மாணவர்களின் குரலை நேரடியாகக் கேட்கும் அந்த ஏற்பாடு, முதல் நாவலை வாசித்தவர்களுக்குத் தனி நிறைவு தரும்.

அந்தக் கடிதங்களால் எவருக்காவது நன்மை கிடைத்ததா, அல்லது எல்லாம் வீண்தானா?

பெரும்பாலான மாணவர்கள் ஒரு கடிதத்தோடு நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வேலை கிடைத்ததா, இடம் கிடைத்ததா என்று நாவல் சொல்வதில்லை. ஆசிரியர் பணியில் இருப்பவர்களுக்கு இந்த நிலை நன்கு பழகியது. ஆகவே வீண் என்றும் சொல்ல முடியாது, பலித்தது என்றும் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வியோடு நாவலை இரண்டாம் முறை எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன்: தேதி வரிசையை விட்டுவிட்டு, பெறுநர் வாரியாகப் பிரித்து வாசியுங்கள். ஜேனட்டுக்கு எழுதியவை தனியாக, டெட் போட்டிக்கு எழுதியவை தனியாக, ப்ரௌல்ஸுக்காக எழுதியவை தனியாக. ப்ரௌல்ஸுக்கான கடிதங்களைக் கடைசியில் வைத்துக்கொண்டு, இடையில் நிறுத்தாமல் ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள்.